ஆண்ட்ரோமீடா நோவாக்களை எக்ஸ் கதிரில் தேடுவது எப்படி? புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

ஆண்ட்ரோமீடா கேலக்ஸியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 65 நோவாக்கள், அதாவது திடீரென்று வெடித்துப் பிரகாசிக்கும் விண்மீன்கள், தோன்றுகின்றன என்பது ஒரு மதிப்பீடு. நம் பால்வெளியிலும் நோவாக்கள் உண்டு. ஆனால் பால்வெளியின் தட்டுக்குள்ளேயே நாம் உட்கார்ந்திருப்பதால் பல நோவாக்கள் தூசிக்குப் பின்னால் மறைந்துபோகும். கண்ணில் பட்டதன் தொலைவும் உறுதியாகத் தெரியாது. ஆண்ட்ரோமீடாவில் அந்தத் தொல்லை இல்லை. எல்லா நோவாக்களும் கிட்டத்தட்ட ஒரே தொலைவில், சுமார் 25 லட்சம் ஒளியாண்டுகளுக்கு அப்பால் இருக்கின்றன. எது உண்மையில் பிரகாசமானது, எது மங்கலானது என்று நேரடியாக ஒப்பிடலாம்.

இன்னொரு வசதி, இந்த வேலைக்குச் சொந்தத் தொலைநோக்கி தேவையில்லை. எக்ஸ் கதிர்களைக் காற்றுமண்டலம் மேலேயே தடுத்துவிடுவதால் அவற்றைப் பார்க்கும் கருவிகளெல்லாம் விண்வெளியில்தான் இருக்கின்றன. அவை எடுத்த தரவுகளில் பெரும்பகுதி இலவசமாக, எல்லோருக்கும் பொதுவாகக் கிடக்கிறது. ஒரு கணினியும் இணைய இணைப்பும் கொஞ்சம் புள்ளியியலும் போதும்.

வெடிப்பது என்ன, தெரிவது என்ன

ஒரு வெள்ளைக் குள்ளன் (எரிபொருள் தீர்ந்த விண்மீனின் சுருங்கிய மையம்), பக்கத்துத் துணை விண்மீனிடமிருந்து ஹைட்ரஜன் வாயுவை இழுத்துத் தன் மேற்பரப்பில் சேர்க்கிறது. சேர்ந்த அடுக்கின் அடிப்பகுதியில் அழுத்தமும் வெப்பமும் ஓர் அளவைத் தாண்டியதும் அணுக்கரு இணைவு கட்டுமீறிப் பற்றிக்கொள்கிறது. அடுக்கின் பெரும்பகுதி நொடிக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வேகத்தில் வெளியே வீசப்படுகிறது. இதுதான் நோவா. வெள்ளைக் குள்ளன் அழிவதில்லை, மேலே இருந்தது மட்டும் போகிறது. மறுபடி வாயு சேரும், மறுபடி வெடிக்கும். 1885-இல் இதே ஆண்ட்ரோமீடாவில் தெரிந்த வெடிப்பு இந்த வகை அல்ல. அது சூப்பர்நோவா, விண்மீனையே சிதறடித்த நிகழ்ச்சி. தொடங்கும்போதே இந்த இரண்டையும் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

வீசப்பட்டது போக மிச்சமிருக்கும் ஹைட்ரஜன் வெள்ளைக் குள்ளனின் மேல் தொடர்ந்து எரிகிறது. அதன் வெப்பநிலை சில லட்சம் கெல்வினிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேல் போகும். அந்த வெப்பத்தில் வெளிவருவது ஆற்றல் குறைந்த, மென்மையான எக்ஸ் கதிர். பெரும்பாலும் 1 கிலோ எலெக்ட்ரான் வோல்ட்டுக்கு (இது கதிரின் ஆற்றலை அளக்கும் அலகு) கீழேதான் இருக்கும். ஆனால் வெடித்த உடனே அது நமக்குத் தெரியாது. ஈர விறகு அடுப்பில் முதலில் புகைதான் தெரியும், புகை விலகிய பிறகே தணல் தெரியும். இங்கேயும் அப்படித்தான். வீசப்பட்ட வாயு விரிந்து மெலிந்து எக்ஸ் கதிரை வெளியே விடும் அளவுக்கு வரவேண்டும். அதற்குச் சில நாட்கள் ஆகலாம், சில ஆண்டுகளும் ஆகலாம். அப்புறம் எரிபொருள் தீர்ந்ததும் எக்ஸ் கதிர் அணைந்துவிடும்.

ஆக ஒரு நோவாவுக்கு எக்ஸ் கதிரில் இரண்டு தேதிகள் உண்டு: தெரியத் தொடங்கிய நாள், அணைந்த நாள். இந்த வழிகாட்டி முழுக்க அந்த இரண்டு தேதிகளைச் சுற்றித்தான். அழகான நிறமாலை வரைபடம் (எந்த ஆற்றலில் எவ்வளவு கதிர் என்று காட்டுவது) போட்டு வெப்பநிலையைச் சொல்லவேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். ஆனால் ஆண்ட்ரோமீடா தொலைவில், கிடைக்கிற ஒரு கை ஃபோட்டான்களை, அதாவது ஒளித் துகள்களை, வைத்துச் சொல்லும் வெப்பநிலையைவிட இந்தத் தேதிகளே உறுதியானவை என்பது என் கருத்து.

முதல் வேலை: சரியான நோவாவைத் தேர்ந்தெடுப்பது

முதல் பயிற்சிக்கு எம்31என் 2008-12எ என்ற நோவாவை எடுத்துக்கொள்ளுங்கள். பெயரைப் படிப்பது சுலபம்: எம்31 என்பது ஆண்ட்ரோமீடா கேலக்ஸியின் பட்டியல் பெயர், 2008 டிசம்பரில் அங்கே கண்டுபிடிக்கப்பட்ட முதல் நோவா இது. ஜப்பானைச் சேர்ந்த நிஷியாமா, கபாஷிமா இருவரும் கண்டுபிடித்தார்கள். அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகுதான் தெரிந்தது, இது ஏறத்தாழ ஆண்டுக்கு ஒருமுறை வெடிக்கிறது! பால்வெளியில் நமக்குத் தெரிந்த மீள்நோவாக்களில் வேகமான ஒன்றான யூ ஸ்கார்பியைக்கூட பத்தாண்டுக்கு ஒருமுறைதான் பார்க்க முடிகிறது. டி கொரோனே பொரியாலிஸ் 80 ஆண்டுவரை எடுத்துக்கொள்ளும்.

பழைய தரவுகளைத் தோண்டியபோது 1992, 1993 ஆண்டுகளில் ரோசாட் செயற்கைக்கோளும் 2001-இல் சந்திரா தொலைநோக்கியும் இதே இடத்தில் எக்ஸ் கதிரைப் பதிவு செய்திருந்தது தெரியவந்தது. தரவு அவ்வளவு காலமாக அங்கேயே இருந்தது. காப்பகத்தில் தேடுவதை இரண்டாம்தர வேலை என்று நினைக்காதீர்கள். 2005-இல் வொல்ஃப்காங் பீட்ச் தலைமையிலான குழு பழைய எக்ஸ் கதிர்த் தரவுகளை நோவாப் பட்டியல்களோடு ஒப்பிட்டு, ஆண்ட்ரோமீடாவில் 21 நோவாக்களின் எக்ஸ் கதிரை அடையாளம் கண்டது. அந்தக் கேலக்ஸியில் மென்மையான எக்ஸ் கதிர் மூலங்களில் பெரும்பங்கு நோவாக்களே என்று அதிலிருந்துதான் தெளிவானது.

பயிற்சிக்கு 2014 வெடிப்பு வசதியானது. அக்டோபர் 2-இல் வெடித்தது. எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி சுமக்கும் நாசாவின் ஸ்விஃப்ட் செயற்கைக்கோள் அதை விடாமல் தொடர்ந்தது. வெடித்து 6 நாள் வாக்கில் எக்ஸ் கதிர் தெரிந்தது, 18 நாள் தாண்டியதும் அணைந்தது. விடை தெரிந்த கணக்கு என்பதால் உங்கள் வழிமுறை சரியா என்று நீங்களே சோதித்துக்கொள்ளலாம்.

எந்த நோவாவை எடுத்தாலும் முதலில் வெடித்த தேதியை எழுதி வையுங்கள். ஒரே தேதியாக எழுதவேண்டாம். கடைசியாகப் பார்த்து ‘இல்லை’ என்று உறுதிசெய்த இரவு எது, முதலில் ‘இருக்கிறது’ என்று பார்த்த இரவு எது, இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். இடையிலுள்ள இடைவெளிதான் உங்கள் நாள் கணக்கின் பிழை அளவு. சில நோவாக்களுக்கு இது சில மணி நேரம். பழைய நோவாக்களுக்கு வாரக்கணக்கிலும் போகும்.

இரண்டாவது: எந்தக் கருவியின் தரவு?

இங்கே அவசரப்பட்டால் பிறகு நிறைய நேரம் வீணாகும். ஆண்ட்ரோமீடாவின் தொலைவில் ஒரு ஆர்க் விநாடி (ஒரு பாகையில் 3,600-இல் ஒரு பங்கு) என்பது ஏறத்தாழ 12 ஒளியாண்டு அகலம். ஸ்விஃப்டின் எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி ஒரு புள்ளியைச் சுமார் 18 ஆர்க் விநாடி அகலத்துக்குப் பரப்பிக் காட்டும். அதாவது 200 ஒளியாண்டுக்கும் மேல் அகலமான ஒரு பகுதி முழுவதும் ஒரே பொட்டாகத் தெரியும். எக்ஸ்எம்எம்-நியூட்டன் என்ற ஐரோப்பிய எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி ஆண்ட்ரோமீடா முழுவதையும் பார்த்துத் தந்த பட்டியலில் 1,897 எக்ஸ் கதிர் மூலங்கள் உள்ளன. அவற்றில் பல கேலக்ஸியின் மையத்தில் நெருக்கியடித்து நிற்கின்றன.

எனவே மையத்தை ஒட்டிய நோவா என்றால் சந்திராவின் தரவைத் தேடுங்கள். அதன் கூர்மை அரை ஆர்க் விநாடி அளவு, வேறு எந்த எக்ஸ் கதிர்த் தொலைநோக்கியும் அதற்குப் பக்கத்தில் வராது. ஒரு எச்சரிக்கை: சந்திராவின் ஏசிஸ் கேமராவின் முன்னால் ஆண்டுகள் போகப்போக ஒரு படலம் படிந்துவிட்டது. மென்மையான எக்ஸ் கதிரைத்தான் அது முதலில் விழுங்கும், நமக்கு வேண்டியதும் அதுதான். தொடக்க ஆண்டுகளின் ஏசிஸ் தரவு நல்லது, பிந்தையதில் கவனம் வேண்டும். சந்திராவின் இன்னொரு கேமரா, எச்ஆர்சி, மென்மையான கதிரை நன்றாகப் பிடிக்கும். ஆனால் வந்த ஃபோட்டானின் ஆற்றல் என்ன என்று அதனால் ஒழுங்காகச் சொல்ல முடியாது.

மையத்தை விட்டு விலகிய நோவாவுக்கு எக்ஸ்எம்எம்-நியூட்டன்தான் வேட்டைக்காரன், நிறைய ஃபோட்டான் சேர்க்கும். ஆனால் சூரியனோடு உண்டாகும் கோணக் கட்டுப்பாட்டால் ஆண்ட்ரோமீடாவை ஆண்டு முழுவதும் அதனால் பார்க்க முடியாது. ஆண்டில் இரண்டு பருவங்களில் சில வாரங்கள்தான் கிடைக்கும். அந்த இடைவெளிகளில் தோன்றி மறைந்த நோவாவை அதில் தேடிப் பயனில்லை. ஸ்விஃப்ட் அப்படியில்லை. ஃபோட்டான் சேர்ப்பதில் சின்னது, ஆனால் கூப்பிட்ட உடனே திரும்பும். நாள்தோறும் பார்க்கும். தேதிகளைப் பிடிக்க அதுதான் சரி.

இந்தியாவின் ஆஸ்ட்ரோசாட்டை ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். 2015-இல் ஏவப்பட்ட அதில் மென்மையான எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி இருக்கிறது. ஆனால் அதன் கூர்மை ஏறத்தாழ 2 ஆர்க் நிமிடம், அதாவது 120 ஆர்க் விநாடிதான். ஆண்ட்ரோமீடா போன்ற நெரிசலான இடத்தில் பக்கத்து மூலங்களும் ஒன்றாகக் கலந்துவிடும், கவனமாகப் பிரிக்கவேண்டும். அதே செயற்கைக்கோளின் புற ஊதாத் தொலைநோக்கி 2 ஆர்க் விநாடிக்கும் நுட்பமானது. அதை எக்ஸ் கதிருக்குத் துணையாக வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது: தரவை இறக்கி, கண்ணால் பார்ப்பது

நாசாவின் ஹீசார்க் காப்பகத் தளத்துக்குப் போய், இடஅச்சுகளைக் கொடுத்துத் தேடுங்கள். வானத்துக்கான தீர்க்கரேகை, அட்சரேகை போன்றவை இவை: நம் நோவாவின் வல ஏற்றம் 0 மணி 45 நிமிடம் 28.8 விநாடி, நடுவரை விலக்கம் வடக்கு 41 பாகை 54 நிமிடம் 10 விநாடி. பெயரைக் கொடுத்துத் தேடினால் வேறு பெயரில் பதிவான பார்வைகள் தப்பிவிடும், அதனால் இடஅச்சே நல்லது. தேடும் ஆரத்தை 10 ஆர்க் நிமிடம் என்று வையுங்கள். 2014 அக்டோபர் 3 முதல் அந்த மாதக் கடைசி வரையிலான ஸ்விஃப்ட் பார்வைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஃபோட்டான் எண்ணும் முறை’யில் எடுத்த கோப்புகள்தான் வேண்டும்.

கிடைக்கும் கோப்பு படம் அல்ல, ஒரு பட்டியல். ஒவ்வொரு ஃபோட்டானும் எப்போது வந்தது, எந்தப் பிக்சலில் விழுந்தது, அதன் ஆற்றல் என்ன என்று வரி வரியாக இருக்கும். எக்ஸ் கதிர் வானியலின் அழகே இதுதான்: ஒரே பட்டியலிலிருந்து படம், நேர வரைபடம், நிறமாலை மூன்றையும் வெட்டி எடுக்கலாம்.

பகுப்பாய்வுக்கு நாசாவின் ஹீசாஃப்ட் மென்பொருள் தொகுப்பு இலவசம். லினக்ஸிலும் மேக்கிலும் ஓடும். நிறுவுவதே பெரும்பாடாக இருந்தால், பிரிட்டனின் லெஸ்டர் பல்கலைக்கழகம் நடத்தும் ஸ்விஃப்ட் தரவுத் தளத்தில் இடஅச்சையும் தேதியையும் கொடுத்தால் அதுவே ஒளி வரைபடம் (நாளாக நாளாக ஒளி எப்படி மாறுகிறது என்று காட்டுவது) போட்டுத் தந்துவிடும். முதலில் அதில் விடையைப் பார்த்துவிட்டு, அப்புறம் கையால் செய்து பாருங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, அனுபவமுள்ளவர்களும் அதைப் பயன்படுத்துகிறார்கள்.

கையால் செய்யும்போது எக்ஸ்செலக்ட் நிரலில் பட்டியலைத் திறந்து ஆற்றலை வடிகட்டுங்கள். ஸ்விஃப்டில் ஒரு சேனல் என்பது 10 எலெக்ட்ரான் வோல்ட். எனவே 30 முதல் 100 வரையிலான சேனல்களை வைத்தால் 0.3 முதல் 1 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் வரை கிடைக்கும். இது ஒரு படம். 100 முதல் 1000 வரை இன்னொரு படம். இரண்டையும் டிஎஸ்9 நிரலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மென்மையான படத்தில் பளிச்சென்று இருந்து, வன்மையான படத்தில் காணாமல் போனால் அது நோவாவாக இருக்க நல்ல வாய்ப்பு. இரண்டிலும் தெரிந்தால் அது பெரும்பாலும் எக்ஸ் கதிர் இரட்டை விண்மீன் (துணை விண்மீனின் வாயுவை இழுக்கும் நியூட்ரான் விண்மீன் அல்லது கருந்துளை), அல்லது ஆண்ட்ரோமீடாவுக்குப் பின்னால் வெகுதூரத்தில் இருக்கும் வேறொரு கேலக்ஸியின் மையம்.

நான்காவது: எண்ணுவது

இங்கேதான் பொறுமை வேண்டும். நம் நோவா உச்சத்தில் இருக்கும்போதே ஸ்விஃப்டில் நூறு நொடிக்கு ஓரிரு ஃபோட்டான்தான் விழும். எண்ணிக்கை இவ்வளவு சின்னதாக இருக்கும்போது வழக்கமான சராசரி, திட்ட விலக்கம் எல்லாம் வேலை செய்யாது. சின்ன எண்ணிக்கைகளுக்கென்றே உள்ள பாய்சான் புள்ளியியல்தான்.

நோவாவின் இடத்தைச் சுற்றி 20 முதல் 30 ஆர்க் விநாடி ஆரத்தில் ஒரு வட்டம் போடுங்கள். வேறு மூலம் இல்லாத பக்கத்து இடத்தில், இதைவிடப் பல மடங்கு பெரிய வட்டம் ஒன்றைப் பின்னணிக்காகப் போடுங்கள். பின்னணி எண்ணிக்கையைப் பரப்பளவு விகிதத்தால் சுருக்கிக்கொள்ளுங்கள். உதாரணமாக 3,000 நொடிப் பார்வையில் நோவா வட்டத்துக்குள் 12 ஃபோட்டான், பின்னணியின் பங்கு 1 என்றால் சந்தேகமில்லை, அங்கே ஏதோ இருக்கிறது. 3 ஃபோட்டான், பின்னணி 1 என்றால் வாயைத் திறக்காதீர்கள்.

ஒன்றுமே விழவில்லை என்றால்? அதுவும் அளவீடுதான். பின்னணி அறவே இல்லாத நிலையில் பூச்சியம் ஃபோட்டான் வந்தால், உண்மையான சராசரி 3-ஐவிடக் குறைவு என்று 95 சதவீத உறுதியோடு சொல்லலாம். 3,000 நொடியில் அப்படி என்றால் நொடிக்கு 0.001-க்கும் குறைவு. இந்த மேல் வரம்பைக் கட்டாயம் குறித்து வையுங்கள். எக்ஸ் கதிர் எப்போது தெரியத் தொடங்கியது என்று சொல்வதே, அதற்கு முந்தைய நாட்களில் தெரியவில்லை என்ற பதிவை வைத்துத்தான்.

இதற்குப் பெரிய உதாரணம் ஒன்று உண்டு. வெடிப்பு பற்றிக்கொண்ட சில மணி நேரத்திலேயே, வாயு விரியும் முன், ஒரு குறுகிய எக்ஸ் கதிர் மின்னல் இருக்கவேண்டும் என்று கோட்பாட்டாளர்கள் சொல்லிவந்தார்கள். அதைப் பிடிக்க 2015-இல் இதே நோவாவின் வெடிப்பை எதிர்பார்த்து ஸ்விஃப்டை 6 மணிக்கு ஒருமுறை, எட்டு நாள் தொடர்ந்து திருப்பினார்கள். வெடிப்பு வந்தது, மின்னல் சிக்கவில்லை. அந்த ‘சிக்கவில்லை’யே ஒரு ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்து, கோட்பாட்டு மாதிரிகளைத் திருத்த உதவியது. பிறகு 2020 ஜூலை 7-இல், நம் பால்வெளியில் வெடித்த ஒய்இசட் ரெட்டிகுலி என்ற நோவாவில் ஈரோசிட்டா தொலைநோக்கி அந்த மின்னலைப் பார்த்தது. வானம் முழுவதையும் அலசிக்கொண்டிருந்தபோது தற்செயலாகக் கண்ணில் பட்டது!

ஸ்விஃப்டுக்கே உரிய ஒரு சிக்கல்: 2005 மே மாதம் ஒரு நுண் விண்கல் அதன் எக்ஸ் கதிர் உணரியைத் தாக்கியது. அதனால் சில பிக்சல் வரிசைகள் பயன்படாமல் போயின. நோவா அந்த வரிசைமேல் விழுந்தால் எண்ணிக்கை பொய்யாகக் குறையும். எனவே ‘எக்ஸ்போஷர் வரைபடம்’ (ஒவ்வொரு பிக்சலும் எவ்வளவு நேரம் உண்மையில் பார்த்தது என்று காட்டுவது) போட்டுத் திருத்தாமல் ஒளி குறைந்தது என்று சொல்லவேண்டாம். எக்ஸ்எம்எம்-நியூட்டன் தரவு என்றால் வேறு கவலை: சூரியனிலிருந்து வரும் புரோட்டான் புயலால் பின்னணி திடீரென்று எகிறும். அந்த நேரங்களை முதலிலேயே வெட்டி எறிந்துவிடுங்கள்.

ஐந்தாவது: ஒளி வரைபடம்

கிடைமட்டத்தில் வெடித்ததிலிருந்து எத்தனையாவது நாள், செங்குத்தில் நொடிக்கு எத்தனை ஃபோட்டான். மேல் வரம்புகளைக் கீழ்நோக்கிய அம்புக்குறியால் காட்டுங்கள். 2014 வெடிப்புக்கு, முதல் சில நாட்கள் வெறும் அம்புகளாகவே இருக்கும். அக்டோபர் 8 வாக்கில் புள்ளிகள் தோன்றும். முதலில் மேலும் கீழுமாகத் தாறுமாறாக ஆடும், இரண்டாவது வாரக் கடைசியில் ஓரளவு அடங்கும், அப்புறம் மளமளவென்று இறங்கிவிடும். அந்த ஆட்டம் உங்கள் பிழை அல்ல, நோவாவின் குணமே அதுதான். 2016 டிசம்பர் வெடிப்பையும் இதே முறையில் போட்டுப் பாருங்கள். வழக்கத்தைவிடத் தாமதமாக வந்த அந்த வெடிப்பில் எக்ஸ் கதிர் மங்கலாகவும் இருந்தது, 15 நாளிலேயே அணைந்தும் விட்டது.

ஆறாவது: நிறமாலை, கவனத்தோடு

தெரிந்த நாட்களின் ஃபோட்டான்களை எல்லாம் சேர்த்து ஒரே நிறமாலையாக்கி எக்ஸ்ஸ்பெக் நிரலில் பொருத்தலாம். எண்ணிக்கை குறைவு என்பதால் வழக்கமான கை-வர்க்கப் பொருத்தத்தைத் தவிர்த்து, குறைந்த எண்ணிக்கைக்கு ஏற்ற காஷ் புள்ளியியலைப் பயன்படுத்துங்கள். கரும்பொருள் மாதிரியையும் (வெப்பநிலையை மட்டும் பொறுத்து ஒளிரும் கற்பனைப் பொருள்), இடையிலுள்ள வாயு விழுங்குவதற்கான மாதிரியையும் சேர்த்துக் கொடுக்கவேண்டும். விழுங்கும் அளவைத் தானாக மாறும்படி விட்டால் நிரல் தடுமாறும். வாயுவைக் கூட்டி வெப்பநிலையைக் குறைத்தாலும் ஏறக்குறைய அதே வடிவம் வரும் என்பதால், கிடைக்கும் ஒளிர்வு நூறு மடங்குகூடத் தப்பாகலாம். ஆண்ட்ரோமீடா திசையில் பால்வெளியின் ஹைட்ரஜன் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 6.7 × 10²⁰ அணுக்கள். அதை நிலையாக வைத்துத் தொடங்குங்கள்.

நம் நோவாவுக்கு 120 எலெக்ட்ரான் வோல்ட்டை ஒட்டி ஏதாவது வரும், அதாவது சுமார் 14 லட்சம் கெல்வின். இது நோவாக்களில் மிகச் சூடான வகை. ஆனால் வெள்ளைக் குள்ளனின் வளிமண்டலம் கரும்பொருள் அல்ல. இந்த எண்ணை வெப்பநிலை என்று அறிவிப்பதைவிட, ஒரு நோவாவை இன்னொன்றோடு ஒப்பிடும் அளவுகோலாக வைத்துக்கொள்வதே பாதுகாப்பு.

தேதிகள் சொல்வது

எக்ஸ் கதிர் சீக்கிரம் தெரிந்தால், வீசப்பட்ட வாயு குறைவு அல்லது வேகம் அதிகம். சீக்கிரம் அணைந்தால், எரிய மிச்சமிருந்தது குறைவு. இரண்டும் சேர்ந்து வந்தால் வெள்ளைக் குள்ளன் கனமானது என்று பொருள். கனமானதன் ஈர்ப்பு அதிகம் என்பதால் கொஞ்சம் ஹைட்ரஜன் சேர்ந்தாலே பற்றிக்கொள்ளும். மார்ட்டின் ஹென்சே குழு 2014-இல் ஆண்ட்ரோமீடாவின் 79 நோவாக்களை ஒன்றாக வைத்துப் பார்த்தபோது இந்தத் தொடர்பு தெளிவாகத் தெரிந்தது: சீக்கிரம் தெரிபவை சூடானவை, சீக்கிரம் அணைபவை. தாமதமாகத் தெரிபவை குளிர்ந்தவை, ஆண்டுக்கணக்கில் எரிபவை.

ஆறு நாளில் தெரிந்து 18 நாளில் அணையும் நம் நோவா அந்த வரிசையின் ஓரத்தில் நிற்கிறது. மாதிரிக் கணக்குகளின்படி அதன் வெள்ளைக் குள்ளன் சூரியனைப்போல் 1.38 மடங்கு நிறை. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு 1930-இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போன சுப்ரமணியன் சந்திரசேகர், ஒரு வெள்ளைக் குள்ளனின் நிறைக்குக் கணக்கிட்டுச் சொன்ன மேல் எல்லை ஏறத்தாழ 1.4 மடங்கு. அந்த எல்லைக்கு இவ்வளவு பக்கத்தில் இருப்பதால்தான் இந்த நோவாவின்மேல் இவ்வளவு கண்கள். சந்திரா தொலைநோக்கிக்கு அவர் பெயர்தான். பல லட்சம் ஆண்டுகளாக வெடித்து வெடித்து வீசிய பொருள் நோவாவைச் சுற்றி 400 ஒளியாண்டுக்கும் மேல் அகலமான ஓடாகக் குவிந்திருப்பதும் 2019-இல் வெளியானது.

இது முடிந்ததும் சற்றுக் கடினமான இரண்டை எடுத்துக்கொள்ளலாம். எம்31என் 2007-06பி ஒரு கோளவிண்மீன் கொத்துக்குள் (உருண்டையாக நெருங்கிய பழைய விண்மீன்களின் கூட்டம்) வெடித்தது. அங்கே எக்ஸ் கதிர் இரட்டை விண்மீன்களும் இருக்க வாய்ப்புண்டு என்பதால் மென்மை-வன்மைப் படங்களை ஒப்பிடுவதில் நல்ல பயிற்சி கிடைக்கும். எம்31என் 2007-12பி-யின் எக்ஸ் கதிரில் 1,110 நொடிக்கு ஒருமுறை துடிப்பு உண்டு. காந்தப்புலம் வலுவான வெள்ளைக் குள்ளன் சுழல்வதன் அடையாளம் அது என்று கருதுகிறார்கள். எக்ஸ்எம்எம்-நியூட்டன் தரவில் அந்தத் துடிப்பைத் தேடுமுன், ஃபோட்டான்களின் நேரங்களைச் சூரியக் குடும்பத்தின் நிறை மையத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் எந்த மென்பொருள் பதிப்பு, எந்த அளவுத்திருத்தக் கோப்பு, எந்த வட்டத்தின் ஆரம் என்று ஒரு உரைக்கோப்பில் எழுதி, தரவு இருக்கும் அதே கோப்புறையில் வையுங்கள்.